மா தீரிக்கு ஒரு வரி

தாமுவே, யாங்கோன்
6 ஜூலை 2025

அன்புத் தங்கை ஃபக்ருன்னிசாவுக்கு,

குழந்தைவேலு எழுதுவது. போனில் நீ "அனுப்புங்க வேலண்ணே, நான் போடுறேன்" என்று சொன்னதும் லைன் செத்துவிட்டது. அதற்குப் பிறகு ஐந்து நிமிஷம் பேசியது நான் மட்டும்தான். அந்த ஒரு வாக்கியம் போதும் என்று முதல் நான்கு அத்தியாயங்களை உஸாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். படம் பிடித்து அனுப்பச் சொல்லாதே. இங்கே கரன்ட் வருவது விருந்தாளி வருவது மாதிரி, வந்தால் உண்டு. உஸாமா மாதாமாதம் சரக்கு எடுக்கச் சென்னைக்கு வருகிறவர், மழையில் நனைக்காமல் கொண்டுவந்து சேர்ப்பார்.

நம்ம கிரான்ஸ்டன் துரையை மறந்திருக்க மாட்டாய். விக்டோரியா ராணி காலத்தில் துணிக்கடைக்காரர் மகனாகப் பிறந்து, பள்ளிக்கூட வாத்தியாராகி, அறுநூறு வருஷத்துப் பழைய ஆங்கிலப் பாட்டுகளைக் கையெழுத்துச் சுவடிகளிலிருந்து எழுத்தெழுத்தாகப் படியெடுத்து அச்சில் ஏற்றிய எப்ரைம் கிரான்ஸ்டன். கல்லூரிகள் மூடிக் கிடந்த காலத்தில், ஆற்றுப்பக்கத்து நூலகத்தில் அவருடைய முன்னுரைகளையும் அவர் தங்கை எழுதிய நினைவுக் குறிப்பையும் நீ வாசிக்க வாசிக்க நான் எழுதிக்கொண்டேனே. இரவல் தர மாட்டார்கள், ஜெராக்ஸுக்கு வழியில்லை. இப்போது அந்த நூலகமே இல்லை. அதன் புத்தகங்கள் எந்தக் கடையில் பொட்டலம் மடிக்கப் போயினவோ. நாம் எழுதி எடுத்தது மட்டும் மிச்சம். அதை வைத்துத்தான் துரையின் வாழ்க்கையைத் தமிழில் எழுதியிருக்கிறேன்.

முதல் பக்கத்திலேயே நன்றியுரை இருப்பதைப் பார்த்துச் சிரிக்காதே. அது துரையின் வழக்கம். வேலையைத் தொடங்கும் முன்பே நன்றியை எழுதிவிடுவார். நன்றி சொன்ன பிறகு வேலையை முடிக்காமல் விட்டால் முகத்தில் விழிக்க முடியுமா என்பது அவர் கட்சி. வீட்டுக்காரிக்கு நன்றி சொல்வார், இருமலை அடக்கிக்கொண்ட நூலகக் காவலருக்குச் சொல்வார், மேஜையை விட்டு நாற்காலியில் படுத்த பூனைக்கும் சொல்வார்.

அவருடைய விதியும் உனக்குத் தெரியும். பதிப்பிக்கிறவர் கைவைத்த இடமெல்லாம் சதுர அடைப்புக்குள் இருக்க வேண்டும். "வாசகர் விரும்பினால் என்னைத் தூக்கி எறிந்துவிட்டு நூலை மட்டும் வைத்துக்கொள்ளட்டும்." என் தமிழை நீ திருத்தலாம். அடைப்புக்குள்.

இப்படிக்கு,
குழந்தைவேலு
(அடையாள அட்டையில் என் பர்மியப் பெயர் "ஊ தான் வின்". உஸாமா முதல்முறை தேடி வந்தபோது இந்தக் கட்டடத்தில் ஒருத்தருக்கும் குழந்தைவேலுவைத் தெரியவில்லை.)

*

மண்ணடி, சென்னை
21 ஜூலை 2025

வேலண்ணனுக்குச் சலாமும் துஆவும்.

பொட்டலம் நனையாமல் வந்தது. பள்ளியைப் பார்க்க வந்த பேராயர் வேதவசனத்தைத் தப்பாகச் சொல்ல, துரை எழுந்து திருத்தி, அன்று மாலையே வேலை போய், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகாமல் நேராக நூலகத்துக்கு நடக்கிறாரே, அங்கே சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். மருமகள் சாயிமா என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள். என்னோடு உட்கார்ந்து பிழை பார்ப்பவள் அவள்தான். சாயிமாவின் மாமனார் மௌத்தான பிறகு அச்சகத்தை விற்றுவிடச் சொல்லாத ஆள் இல்லை. நான் விற்கவில்லை. கல்யாணப் பத்திரிகை, பரீட்சை வழிகாட்டி, வருஷத்துக்கு ஒன்றிரண்டு நல்ல புத்தகம் என்று வண்டி ஓடுகிறது. உங்கள் புத்தகம் நல்ல புத்தகம். போடுவேன்.

நன்றியுரையைப் பற்றி ஒரு சொல். டீக்கடை ஊ போ சானுக்கு நன்றி இருக்கிறது, சந்தோஷம். கூரைக்குத் தகரம் போட்டவருக்கு இருக்கிறது, அதுவும் சந்தோஷம். கரன்ட் இல்லாத நேரத்தில் இன்வெர்ட்டர் லைன் கொடுத்த கீழ்வீட்டுக்காரருக்கு இருக்கிறது, உங்கள் வீட்டு ஜெயம்மாவுக்கு இரண்டு வரி. நல்ல மனசு அண்ணே உங்களுக்கு, ஒருத்தரையும் விடவில்லை.

கடைசியில் தனியாக நிற்கிற வரிதான் எனக்கு விளங்கவில்லை. "மா தீரிக்கு. அவர் இல்லையென்றால் இந்த நூலில் ஒரு வரியும் இல்லை." யார் இந்த மா தீரி? நம் ரங்கூனில் ஆளுக்கு இரண்டு பெயர், உங்களுக்கே அட்டையில் ஊ தான் வின், ஆகவே பர்மியப் பெண்ணா தமிழ்ப் பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. நான் கல்யாணமாகி இங்கே வந்த பிறகு நடந்த கதையோ என்னவோ. ஜெயம்மாவுக்குத் தெரியுமா? தெரியாதென்றால் இந்தக் கடிதத்தை அவர் கண்ணில் படாமல் கிழித்துவிடுங்கள்.

மிச்ச அத்தியாயங்களைச் சீக்கிரம் அனுப்புங்கள்.

ஃபக்ருன்னிசா

*

தாமுவே
10 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை உஸாமா கீழேயிருந்து, எங்கள் பால்கனியிலிருந்து தெருவுக்குத் தொங்கும் கயிற்றுக் கிளிப்பில் மாட்டி மணியை ஆட்டினார். நான்காம் மாடி, அவருக்கு மூட்டுவலி. ஜெயம்மா இழுத்தெடுத்து, "மெட்ராஸம்மா எழுதியிருக்காங்க, படிங்க" என்று எதிரே உட்கார்ந்துவிட்டாள். சந்தையில் அவளுடைய லொஞ்ஜி கைலிக் கடை அன்று பத்து மணிக்குத்தான் திறந்தது.

கிழிக்கச் சொன்ன கடிதத்தை அவளுக்கு முழுசாக வாசித்துக் காட்டினேன். மா தீரி யாரென்று நீ கேட்ட இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நீங்க சொன்ன மாதிரியே குறும்புக்காரம்மாதான்" என்றாள். அந்த வரியைத் தனியாக நிறுத்தச் சொன்னதே அவள்தான். கூட்டத்தோடு கூட்டமாகச் சொல்கிற நன்றியா அது என்று கேட்டாள். யாருக்கும் சங்கடம் வரக்கூடாது என்றுதான் அந்தப் பெயரைப் போட்டேன். ஊர் வாய் எப்படிப்பட்டது என்பது உனக்கே தெரியும். விஷயம் தெரிந்தவருக்குத் தெரிந்தால் எனக்குப் போதும்.

இத்துடன் ஐந்து முதல் எட்டு வரை. ஆறாம் அத்தியாயத்தில் துரை தொழிலாளிகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறார். தறிக்காரர்களுக்கும் கொல்லர்களுக்கும் அந்தப் பழைய பாட்டுகளை வாசித்துக் காட்டி, "இது உங்கள் பாட்டன் பேசிய பேச்சு, கல்லூரிக்காரன் சொத்து இல்லை" என்கிறார். அதை நான் எழுதியது லைங் தாயாவில். ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே தையல் ஆலைப் பெண்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். ஆறு நாள் சட்டைக் காலர் தைத்த களைப்பில் பாதிப்பேர் உட்கார்ந்தபடியே தூங்குவார்கள். துரை கதையைச் சொன்னால் மட்டும் விழித்துக்கொள்வார்கள். ஏழாம் அத்தியாயத்தில் வரும் டாக்டர் ஹாலோவேயை அவர்களுக்கு ஆகவே ஆகாது.

ஒன்பதாம் அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதுதான் கடைசி. அதை எழுதத்தான் இவ்வளவு காலம் ஆயிற்று என்று வைத்துக்கொள்.

அன்புடன்,
வேலு

*

மண்ணடி, சென்னை
25 ஆகஸ்ட் 2025

வேலண்ணனுக்கு,

அத்தியாயங்கள் கிடைத்தன. நன்றாக இருக்கின்றன.

முதல் ஃபாரத்தின் பதினாறு பக்கமும் அச்சாகிவிட்டது. நன்றியுரையின் கடைசி வரியை எடுத்துவிட்டேன். எந்த ஊர், என்ன உறவு என்று தெரியாத ஒரு பெண்ணுக்குப் புத்தகம் முழுவதையும் தூக்கிக் கொடுத்தால் படிக்கிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். ஊர் வாயைப் பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள். புத்தகத்தில் என் அச்சகத்தின் பெயரும் இருக்கிறது. எனக்குப் பேரன் பேத்தி இருக்கிறார்கள். பதிப்பாளருக்கு இந்த அளவு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

நீங்களும் ஜெயம்மாவும் உட்கார்ந்து சிரித்தது தெரிந்து மகிழ்ச்சி. தெரிந்தவருக்குத் தெரிந்தால் போதும் என்றீர்கள். எனக்குத் தெரியவில்லை, நான் தெரிந்தவள் இல்லை போலிருக்கிறது. இதற்கு மேல் எழுதினால் வேறு ஏதாவது எழுதிவிடுவேன்.

கடைசி அத்தியாயம் வந்ததும் வேலையை முடித்துவிடலாம்.

ஃபக்ருன்னிசா

*

தாமுவே
7 செப்டம்பர் 2025

பதிப்பாளர் ஃபக்ருன்னிசா அம்மையார் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. அம்மையார் அவர்கள் ஏழாம் அத்தியாயத்தைப் படித்திருப்பீர்கள். டாக்டர் ஹாலோவே பழைய பாட்டில் தனக்குப் பிடிக்காத வரியைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுவார். எடுத்த இடத்தில் தழும்புகூட இருக்காது. அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து துரை அவரோடு பேசவில்லை. அவர் எதிரே வந்தால் மழையானாலும் தெருவைக் கடந்து மறுபக்கம் போய்விடுவார். தாங்கள் வெட்டிய இடத்தில் ஒரு வெற்று அடைப்புக்குறியாவது போட்டிருக்கலாம். துரையின் வாழ்க்கை வரலாற்றுக்கு ஹாலோவே பதிப்பாளராக வாய்த்ததை என்னவென்று சொல்வது!

தங்கள் சங்கடம் எனக்குப் புரிகிறது. மா தீரிக்குத் தன் பெயர் அங்கே வருவதில் விருப்பமில்லை என்றால் நான் வற்புறுத்த முடியாது. வேண்டாம் என்பவர் கையில் திணித்தால் அது நன்றி ஆகாது.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். கிட்டத்தட்ட நாற்பது வருஷமாக நான் மனசில் வைத்திருந்த சொல் அது. அறுபது வயதை நெருங்குகிறேன், சர்க்கரை இருக்கிறது, போன மாதம் மாடிப்படியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். நன்றியை முதலில் எழுதியதற்குத் துரையின் வழக்கம் என்று உங்களிடம் சொன்னது ஒரு சாக்கு. சொல்லாமல் போய்விடுவேனோ என்ற பயம்தான் உண்மை. எனக்குப் புத்தகம் வருவதைவிட அந்த வரி வருவது பெரிதாக இருந்தது.

ஒன்பதாம் அத்தியாயம் இத்துடன். பிடிக்காவிட்டால் இதையும் எடுத்துவிடுங்கள். கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும், மெழுகுவத்தி.

கு. குழந்தைவேலு

*

மண்ணடி, சென்னை
22 செப்டம்பர் 2025

வேலண்ணே,

சலாம் சொல்லக்கூட மறந்து தொடங்கிவிட்டேன். எழுத்து கோணினால் நீங்களும் மன்னியுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்து, மா தீரிக்கு விருப்பமில்லை என்று நான் எங்கே எழுதினேன், அவளை நான் எந்த ஜென்மத்தில் பார்த்தேன் என்று கோபத்தில் மேஜை டிராயரில் போட்டுவிட்டேன். ஒன்பதாம் அத்தியாயத்தையும் ஒரு வாரம் தொடவில்லை. நேற்று மதியம் சாயிமாதான் அதைத் தட்டச்சு செய்து எடுத்துவந்தாள். அவள் அச்சுப்படியைச் சத்தமாக வாசித்தாள், நான் உங்கள் கையெழுத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டு வந்தேன். நாம் அந்தக் காலத்தில் செய்ததேதான். நீங்கள் எழுதியதை உங்களுக்கே திருப்பி எழுதுகிறேன்:

"அந்தக் கல்லூரி நூலகத்தில் அங்கத்தினர் வீட்டுப் பெண்களைத் தவிர வேறு பெண்களுக்கு இடமில்லை. கிரான்ஸ்டனுக்கோ கண் மங்கிவிட்டது. செருப்புத் தைப்பவர் மகள் எலைசா டன் பக்கத்தில் இருந்து வாசித்தால்தான் வேலை நடக்கும். அதனால் வாசல் பதிவில் அவளை ஓர் அங்கத்தினரின் மனைவி போல மிஸஸ் மார்ஷ் என்று எழுதிவைத்தார். மாலையில் காவலர், 'மிஸஸ் மார்ஷ், கதவு சாத்தப் போகிறோம்' என்று குரல் கொடுப்பார். அவள் திரும்ப மாட்டாள். மூன்றாம் தடவைதான் அது தன் பெயர் என்று அவளுக்கு நினைவு வரும். பின்னால் முன்னுரையில் நன்றி சொன்னபோதும் கிரான்ஸ்டன் மிஸஸ் மார்ஷ் என்றே சொன்னார். எலைசா என்று சொன்னால் அவள் வீட்டில் பூகம்பம் வரும். மிஸஸ் மார்ஷ் யார் என்று படித்தவர்கள் எல்லாம் தேடினார்கள். தெரிய வேண்டியவளுக்குத் தெரிந்திருந்தது."

"கதவு சாத்தப் போகிறோம்" என்று சாயிமா வாசித்த இடத்தில் எனக்கு வேறொரு குரல் கேட்டது. கொண்டையில் பூவும் காதில் பேனாவுமாக நம்ம நூலகத்து டோ டின் டின். "மா தீரி! பெய்த்தோ மே!" மூடப் போறோம், கிளம்பு. ஃபக்ருன்னிசா நூலகச் சீட்டிலும் அடங்காது, வாயிலும் அடங்காது என்று முதல் நாளே அந்தம்மா எனக்கு வைத்த பெயர். அந்த நான்கு சுவருக்கு வெளியே யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. உள்ளேயும் நான் ஒருநாளும் முதல் தடவையில் திரும்பியதில்லை. நீங்கள்தான் மேஜையைத் தட்டுவீர்கள்.

யா அல்லாஹ், என் பெயரை நானே வெட்டியிருக்கிறேன்.

முதலில் சிரித்தேன். அப்புறம் அழுதேன். சாயிமா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "என்ன மாமி, யார் போயிட்டாங்க?" என்று பயந்துபோய்க் கேட்டாள். யாரும் போகவில்லை, நான்தான் திரும்பி வந்திருக்கிறேன் என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

இப்போது சொல்லிவிடுகிறேன். ஊர் வாய், பேரன் பேத்தி என்றதெல்லாம் சும்மா. டீக்கடைக்காரர் இருக்கிறார், தகரம் போட்டவர் இருக்கிறார், தொண்டை வறள வாசித்த நான் இல்லையே என்ற எரிச்சல். எனக்குப் பிறகு வந்த எவளோ ஒருத்திக்குப் புத்தகமே சொந்தமாயிற்றே என்ற பொறாமை. இந்த வயசில்! ஹாலோவே என்று திட்டினீர்கள், அந்த மனிதரிடமாவது பாட்டின் மேல் அக்கறை இருந்தது.

நீங்கள் ஏன் அந்தப் பெயரைத் தேடிப் பிடித்துப் போட்டீர்கள் என்பதும் இப்போது விளங்குகிறது. யாரோ வாப்பாவிடம் போய், உங்க மக வேலுப்பயலோட உட்கார்ந்து படிக்குது என்று ஓதினார்கள். மறுநாள் முதல் நூலகம் இல்லை, அடுத்த மாதம் மெட்ராஸில் நிக்காஹ். மாப்பிள்ளை தங்கமானவராக வாய்த்தார், அது என் நசீபு. நம் இரண்டு பெயரும் சேர்ந்து காதில் விழுந்து எனக்குப் படிப்புப் போனதை இத்தனை வருஷம் கழித்தும் நினைவு வைத்து, மறுபடி அப்படி ஆகக்கூடாது என்று பார்த்திருக்கிறீர்கள். நான் என்னடாவென்றால் ஜெயம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரியாது. தெரிந்த பாஷையை வேகமாக வாசித்தால் இருப்பது கண்ணில் படாது, இருக்க வேண்டியதுதான் படும் என்று துரை சொன்னதை வைத்து என்னை விரல் வைத்து எழுத்தெழுத்தாக வாசிக்க வைத்தீர்களே. கல்யாணமாகி வந்து பல வருஷம் அது ஒன்றுக்கும் உதவவில்லை. அவர் மௌத்தாகி அச்சகம் என் தலையில் விழுந்தபோது எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். பிழை இல்லாத அச்சகம் என்று இந்தத் தெருவில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. என் பிள்ளை படித்ததும் சாயிமா இந்த வீட்டுக்கு வந்ததும் அதனால்தான். அந்தச் சோற்றுக்கு உங்களுக்கு நன்றி, அண்ணே. நான்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

முதல் ஃபாரத்தை மறுபடி அடிக்கிறேன். எந்தப் பெயரைப் போடட்டும்? வாப்பா இல்லை, அவரும் இல்லை, இனி யாருக்கு ஒளிக்க வேண்டும், ஃபக்ருன்னிசா என்றே போடுங்கள் என்கிறாள் சாயிமா. நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன். ஜெயம்மாவிடம் என் சலாமைச் சொல்லுங்கள். அவர் சிரித்தது சரிதான்.

ஃபக்ருன்னிசா
(சீட்டில் மா தீரி)

*

தாமுவே
6 அக்டோபர் 2025

அன்புத் தங்கைக்கு,

இன்று தடிஞ்ஜு விளக்குத் திருநாள். கட்டடம் முழுக்கப் பால்கனிக்குப் பால்கனி மெழுகுவத்தி. கரன்ட் இல்லாதது ஒருத்தருக்கும் தெரியவில்லை. பெரியவர்களைத் தேடிப்போய் வணங்கி மன்னிப்புக் கேட்கிற நாள். கீழ்வீட்டுப் பிள்ளைகள் வந்து என்னை வணங்கிவிட்டுப் போனார்கள். போன கடிதத்தில் உன்னை அம்மையார் என்றும் ஹாலோவே என்றும் எழுதியதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அந்தக் கடிதத்தை எழுதியபோதே ஜெயம்மா, "இவ்வளவு மரியாதை போட்டா அடிக்கிற மாதிரி இருக்குங்க" என்றாள். நான் கேட்கவில்லை.

உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன், ஜெயம்மாவுக்காக நான்காம் தடவை. நீ மறந்திருப்பாய் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தெரிந்துகொண்டே விளையாடுகிறாய் என்று நினைத்தேன். அப்புறம் வேண்டாம் என்கிறாய் என்று நினைத்தேன். அதுதான் வலித்தது. மறந்துபோனது வலிக்கவே இல்லை, பார். நூலகத்தில் கூப்பிட்டும் திரும்பாதவள் மெட்ராஸிலிருந்து எப்படித் திரும்புவாள் என்று எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்.

கல்யாணமான புதிதில் ஜெயம்மா அந்தத் தாள்களைப் பார்த்துவிட்டு, அது காதலா என்று கேட்டாள். இல்லை, அதைவிட வேலை அதிகம் என்றேன். அன்று முதல் உன் பக்கம்தான் பேசுகிறாள்.

பெயர் விஷயம். ஃபக்ருன்னிசா உன் வாப்பா வைத்த அழகான பெயர். ஆனால் எனக்கு வாசித்தவள் மா தீரி. அந்தப் பெயரில் டோ டின் டின்னும் இருக்கிறாள், அந்த மேஜையும் இருக்கிறது, மழைக்குத் தகரக் கூரை போட்ட சத்தத்தில் நீ கத்தி வாசித்ததும் இருக்கிறது. என் பங்குக்கு மா தீரியே இருக்கட்டும். உனக்குச் சேர்க்க ஏதாவது இருந்தால் அது பதிப்பாளர் பாடு. விதி தெரியுமே.

உனக்குச் சோறு போட்ட வித்தை என்று எழுதியிருந்தாய். துரை இருந்திருந்தால் ஒரு முன்னுரை எழுதியிருப்பார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பால்கனியில் ஒரு மெழுகுவத்தி கூட வைத்தேன்.

வேலு

*

மண்ணடி, சென்னை
3 நவம்பர் 2025

வேலண்ணனுக்குச் சலாமும் துஆவும்.

புத்தகம் வந்துவிட்டது. உஸாமாவிடம் ஒரு கட்டு கொடுத்திருக்கிறேன். இரண்டு ஜெயம்மாவுக்கு, அவர் கடையில் வைத்து யாருக்குக் கொடுத்தாலும் சரி. ஒன்று டீக்கடை ஊ போ சானுக்கு. தமிழ் தெரியாவிட்டாலும் தன் பெயர் இருக்கிற பக்கத்தைத் தொட்டுப் பார்க்கட்டும். மிச்சம் லைங் தாயா பிள்ளைகளுக்கு.

கடைசி அத்தியாயத்தின் முடிவை மாற்றச் சொல்லலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். துரை சாகும்போது படுக்கையில் அச்சுப்படி, பக்கத்தில் வாசித்துக்கொண்டு எலைசா, அவள் நிறுத்தியதும் "அடுத்த வரி" என்கிறார், அதோடு சரி. சாயிமா அந்த இடத்தில் மூக்கை உறிஞ்சினாள். நானும்தான்.

நன்றியுரைப் பக்கத்தில் பதிப்பாளர் கொஞ்சம் கைவைத்திருக்கிறார். விதிப்படி.

மாடிப்படியில் மெதுவாக ஏறுங்கள். சர்க்கரைக்கு மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுங்கள். இது பதிப்பாளர் சொல்வது இல்லை, தங்கச்சி சொல்வது.

ஃபக்ருன்னிசா

*

தாமுவே
23 நவம்பர் 2025

அன்புத் தங்கைக்கு,

மணி ஆடியது. கட்டு கனம், கிளிப் தாங்காது என்று ஜெயம்மா சந்தைப் பையைக் கயிற்றில் கட்டி இறக்கினாள். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். ஒவ்வொரு மாடியிலும் ஆட்கள் எட்டிப் பார்த்து என்ன என்ன என்று கேட்க, அவள் "எங்க வீட்டுக்காரர் புத்தகம்" என்று பர்மியத்தில் கத்திக்கொண்டே இழுத்தாள். இவ்வளவு காலமாகக் காகிதத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறவர் என்று என்னை ஏசியவள்.

முதல் பக்கத்தை அவளுக்குச் சத்தமாக வாசித்தேன்.

"மா தீரிக்கு. அவர் இல்லையென்றால் இந்த நூலில் ஒரு வரியும் இல்லை. [இந்த வரியைப் பதிப்பாளர் ஒருமுறை நீக்கினார். அந்த மா தீரி தானே என்பது அவருக்கு மறந்திருந்தது. நன்றி வந்து சேர்ந்தது, அண்ணே. — ஃபக்ருன்னிசா]"

அண்ணே என்று அச்சில் போட்டு என்னை அழவைத்துவிட்டாய். நம் பெயர் இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. ஜெயம்மா அந்த அடைப்புக்குறிகளைத் தொட்டுப் பார்த்து, "இது என்ன, கதவா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நேற்று ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து நூலகம் இருந்த இடத்துக்குப் போனேன். அங்கே இப்போது கைப்பேசிக் கடை. நம் மேஜை இருந்த ஜன்னல் பக்கம் சார்ஜர் தொங்குகிறது. உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றேன். என்ன தோன்றியதோ, டோ டின் டின் மாதிரி இடுப்பில் கைவைத்து, "மா தீரி! பெய்த்தோ மே!" என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் சத்தமாகவே.

கல்லாவில் இருந்த பெண் சட்டென்று திரும்பி, "ஷின்?", என்னங்க, என்று மரியாதையாகக் கேட்டாள். அவள் பெயரும் தீரியாம். இன்னும் மதியம்கூட ஆகவில்லையே, அதற்குள் ஏன் மூட வேண்டும் என்று குழம்பினாள். பெயர் ஒற்றுமைக்காக ஒரு சார்ஜர் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்தப் பிள்ளை முதல் தடவையிலேயே திரும்பினாள், ஃபக்ரு. உனக்குக் கிட்டத்தட்ட நாற்பது வருஷம் ஆயிற்று.

பரவாயில்லை. திரும்பினாயே, அதற்கு நன்றி.

வேலண்ணன்